உயிரோடிருந்து எழுதும் நன்றி நவிலல்

அன்புடையீர்,

கொழும்பில் பதினெட்டு ஆண்டுகளாக ஒப்புநோக்குநராகப் பணிபுரியும் எனக்கு ‘நன்றி நவிலல்’ என்ற தலைப்பு மிகவும் பழக்கமானது. ஒருவர் மறைந்த 31ஆம் நாளையொட்டிப் பத்திரிகைகளில் வெளிவரும் அந்தக் கட்டங்களில், செய்தியறிந்து நேரில் வந்தவர்களுக்கும், தொலைபேசியில் ஆறுதல் கூறியவர்களுக்கும், மலர்வளையம் சாத்தியவர்களுக்கும், உணவு கொடுத்தனுப்பியவர்களுக்கும் குடும்பத்தினர் நன்றி கூறியிருப்பார்கள். அந்த வாசகங்களை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்தியே என் கண்கள் பழகின. இன்று அதே தலைப்பின் கீழ் என் சொந்த நன்றியை, உயிரோடிருந்து எழுதுகிறேன். தனித்தனியே நன்றி கூற முடியாமைக்கு வருந்துகிறோம் என்று வழமையாக வரும் வரியை மட்டும் விட்டுவிடுகிறேன். தனித்தனியே கூறவேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

கடந்த சித்திரைப் புத்தாண்டு கழிந்த மறுவாரம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், புறக்கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து வெள்ளவத்தையில் இறங்கும்போது, என் இரண்டாவது கால் தரையைத் தொடுவதற்கு முன்னரே பஸ் நகர்ந்துவிட்டது. மல்லாந்து விழுந்த எனது பின்னந்தலை நடைபாதையின் விளிம்புக் கல்லில் மோதியது. இதனைப் பிறர் சொல்லித்தான் அறிவேன். பம்பலப்பிட்டியைக் கடக்கும்போது மிச்சச் சில்லறையை எண்ணிக் கைப்பையில் போட்டது நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவிலிருப்பது அம்புலன்ஸின் வெள்ளைக் கூரை. இடையிலுள்ள ஏறத்தாழ நாற்பது நிமிடங்களை மூளை பதிந்து வைக்கவே இல்லையாதலால் அவை இனித் திரும்பி வரமாட்டா என்று வைத்தியர் கூறினார். ஆகவே என் முதல் நன்றி, நான் முகம் அறியாதவர்களுக்கு உரியது.

அவர்களுள் ஒருவரைப் பின்னர் தேடிக் கண்டேன். காலி வீதியோரம் ஓட்டோ நிறுத்தும் அந்தச் சகோதரர், என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் பருக்க முயன்றவர்களைத் தடுத்து, கழுத்து அசையாதபடி என் தலையின் இருபுறமும் தம் கைகளை வைத்துக்கொண்டு, அருகில் நின்ற மாணவரைக் கொண்டு 1990 இலக்கத்துக்கு அழைக்கச் செய்திருக்கிறார். 2016ஆம் ஆண்டு இந்திய அரசின் உதவியுடன் ஆரம்பிக்கப்பட்ட அந்த இலவச சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இல்லாதிருந்தால், என்னைத் தமது ஓட்டோவிலேயே ஏற்றிக் குலுங்கக் குலுங்கக் கொண்டு சென்றிருக்க நேர்ந்திருக்கும் என்று அவர் சொன்னபோது, அவரது கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில் அன்றிரவு கடமையிலிருந்த தாதியார் சிங்களவர். மணிக்கொரு தடவை வந்து, தாம் அறிந்த சிறிதளவு தமிழில், பெயர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று கேட்பார். கைவிரலைப் பற்றி அழுத்தச் சொல்வார். கண்ணில் டோர்ச் அடித்துக் கருமணிகள் இரண்டும் ஒரே அளவில் சுருங்குகின்றனவா என்று பார்ப்பார். கிழமையை நான் மூன்று தடவை வியாழன் என்று சொன்னேன். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல், ‘சனி, அக்கா, சனி’ என்று திருத்தினார். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள் கொண்டு சுயநினைவின் நிலையை அளக்கும் அளவுகோல் 1974இல் கிளாஸ்கோ நகர வைத்தியர் இருவரால் வகுக்கப்பட்டது என்பதையும், 13 முதல் 15 வரை பெறுபவர்களின் மூளைக் காயம் ‘இலேசானது’ என வகைப்படுத்தப்படும் என்பதையும் பின்னரே அறிந்தேன். எனக்கு 14. ‘இலேசானது’ என்ற சொல் அந்த இரவில் உயிருக்கிருந்த ஆபத்தைப் பற்றியது. பின்னால் வரவிருந்த மாதங்களைப் பற்றி அச்சொல் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் சி.ரி. ஸ்கானில் இரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று தெரிந்ததும் என் தம்பி கைகூப்பி அழுதார். அப்போது இளம் வைத்தியர் ஒருவர் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, ‘ஸ்கான் சுத்தமாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்’ என்று கூறியதற்கு நான் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன். மூளை திரவத்தில் மிதக்கும் மென்மையான உறுப்பு என்றும், தலை சடுதியாக நிற்கும்போது உள்ளே அது அலைந்து நரம்பிழைகள் இழுபடும் என்றும், அதனால் கலங்களுக்கு உள்ளிருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேற, வெளியிருக்க வேண்டிய கல்சியம் உட்புக, அந்தச் சமநிலையை மீட்க மூளைக்கு அதிக சக்தி தேவைப்படும் அதே வேளையில் அதற்குரிய இரத்தவோட்டம் குறைந்துவிடும் என்றும் அவர் விளக்கினார். கன்கஷன் எனப்படும் இந்த மூளை அதிர்ச்சி, கட்டமைப்பைக் காட்டும் படத்தில் அகப்படாது. தலைவலி கூடிக்கொண்டே போதல், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தல், எழுப்ப முடியாத நித்திரை, வலிப்பு, கை கால் சோர்தல், மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் ஒரு நிமிடமும் தாமதியாமல் திரும்பி வரவேண்டும் என்று என் தம்பியை அவர் திரும்பச் சொல்ல வைத்தார்.

முதல் இரு நாட்கள் முழு ஓய்வு; பின்னர் இருட்டறையில் அடைந்து கிடக்காமல் மெல்ல மெல்ல நடமாட வேண்டும் என்பது அவரது அறிவுரை. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவர் என்றும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம் என்றும் சொன்னார். நான் அந்தச் சிலருள் ஒருத்தியானேன்.

அது எப்படியிருந்தது என்பதைச் சொல்லாமல் உங்கள் உதவியின் பெறுமதியைச் சொல்ல முடியாது. தலைவலி அதில் ஒரு பகுதி மட்டுமே. கண்ணுக்கும் உலகத்துக்கும் நடுவே எண்ணெய் பூசிய கண்ணாடி ஒன்று நிற்பது போலிருக்கும். குக்கர் கூவினால் அந்த ஒலி காதில் நிற்காமல் பற்களின் வேருக்குள் இறங்கும். ஒரு நாள் அம்மாவிடம் சோறு போடுவதற்கு அகப்பையைக் கேட்க நினைத்தேன், சொல் வரவில்லை. அதன் பிடியும் குழிவும் மனத்தில் தெரிகின்றன, அம்மம்மா வைத்திருந்த சிரட்டை அகப்பையும் தெரிகிறது. பெயர் இருந்த இடத்தில் வெறுமை. சொற்களை வைத்துப் பிழைப்பவளுக்கு அந்த வெறுமை தந்த பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. பகல் முழுவதும் நித்திரை தூங்கி விழுவேன், இரவில் கண் மூடாது. காரணமின்றி அழுவேன், அதைவிட மோசமாக, காரணமின்றிச் சீறுவேன். தாளிதத்தின் வாசம் ஏழு வாரங்கள் எனக்கு இல்லாமற் போயிற்று.

மூன்றாம் வாரம், வீட்டிலிருந்தபடி ஒரேயொரு மரண அறிவித்தலைப் பார்த்துத் தருகிறேன் என்று நானாகவே கேட்டு வாங்கினேன். பதினொரு வரிகள். இரண்டாம் வரியிலேயே கொம்புகள் தமக்குரிய எழுத்துகளை விட்டு விலகத் தொடங்கின. மெய்யெழுத்துகளின் புள்ளிகள் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்து, பூச்சிகள் போல் வரிக்கு மேலே ஊர்ந்தன. ‘பேரன்’ என்றிருந்ததா ‘பேறன்’ என்றிருந்ததா என்று விரலை வைத்து நான்கு தடவை பார்த்தும் முடிவுக்கு வர இயலவில்லை. பிறகு வாளியைத் தேடி ஓடினேன். நடித்துக்கொண்டிருக்கிறேனோ என்று என்னை நானே சந்தேகிக்கவும் தொடங்கியது அன்றுதான். வெளியே காயமில்லை, படம் சுத்தம், கட்டும் இல்லை, பின் என்ன வருத்தம் என்று கேட்டவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, ஏனெனில் அக்கேள்வி என்னிடமும் இருந்தது.

அந்தச் சந்தேகத்திலிருந்து என்னை மீட்டவர் எங்கள் அலுவலகத்தில் பக்க வடிவமைப்புச் செய்யும் தம்பி. கிரிக்கெட்டை உயிராக நேசிக்கும் அவர், 2019 பெப்ரவரியில் கன்பராவில் இலங்கை அணியின் திமுத் கருணாரத்ன பின்கழுத்தில் பந்து தாக்கி விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டதையும், அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இத்தகைய அதிர்ச்சிக்கு உள்ளான வீரருக்குப் பதிலாக இன்னொருவர் முழுமையாக விளையாடலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்ததையும், லோர்ட்ஸ் மைதானத்தில் அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கி அரைச்சதம் அடித்ததையும் தொலைபேசியில் மெதுவான குரலில் சொல்லிவிட்டு, ‘அக்கா, உலகமே இதை வருத்தம் என்று ஏற்றுக்கொண்டு சட்டம் போட்டிருக்கிறது, உங்களுக்குப் பதிலாக நான் இறங்குகிறேன்’ என்றார். தமது வேலை முடிந்த பின் இரவு 9 மணி வரை இருந்து, ரகர றகரப் பட்டியலொன்றை மேசையில் ஒட்டிவைத்து, பதினான்கு வாரங்கள் என் ஒப்புகளைப் பார்த்தார். அந்நாட்களில் என் சம்பளம் குறையாதபடி பார்த்துக்கொண்ட ஆசிரிய பீடத்தினருக்கும் என் நன்றி.

எங்கள் தொடர்மாடியில் உள்ளவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். மேல்மாடி வீட்டுப் பிள்ளை மிருதங்கப் பயிற்சியைத் தன் மாமா வீட்டுக்கு மாற்றிக்கொண்டான், நான் கேட்கவில்லை. வெசாக் பண்டிகை வந்தபோது எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர் தம் பல்கணியில் வழமைபோல் மின்னி மின்னி அணையும் பல்புகளைத் தொங்கவிட்டிருந்தனர். முதல் இரவு என் அறைச் சுவரில் அந்த ஒளி துடித்ததும் நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டதை அம்மா யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அந்தப் பல்புகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, உள்ளே சிறு எண்ணெய் விளக்கு வைத்த வெள்ளைக் கடதாசிக் கூடு ஒன்று தொங்கியது. அசையாத அந்த மஞ்சள் வெளிச்சத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. விபத்துக்குப் பின்னர் வலிக்காமல் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது.

உடற்பயிற்சிச் சிகிச்சையாளரான அந்த அம்மையாருக்கு நான் செலுத்த வேண்டிய நன்றி பெரிது. கட்டிலில் வலப்புறம் புரண்டால் அறை முழுவதும் சுழன்று அரை நிமிடத்தில் நின்றுவிடும் என்று சொன்னதைக் கேட்டவுடனேயே, உட்காதில் சமநிலைக்காக உள்ள நுண்ணிய சுண்ணத் துகள்கள் அடிபட்டதில் இடம்பெயர்ந்திருக்கலாம் என்று அவர் கணித்தார். என் தலையைக் கையிலேந்தி, ஒரு பக்கம் சரித்து, பொறுத்திருந்து, மறுபக்கம் திருப்பி, மெல்ல எழுப்பினார். இரண்டு வருகைகளில் அந்தச் சுழற்சி போயிற்று. எழுத்துகள் இரண்டாகத் தெரிந்ததற்குக் காரணம், அருகில் உள்ளதைப் பார்க்கும்போது இரு கண்களும் உட்புறமாகத் திரும்பி ஒன்றுசேரத் தவறியதே என்று கண்டறிந்தவரும் அவரே. பென்சில் முனையை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்து, அது இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்தும் பயிற்சியைத் தந்தார். தினமும் வலிமாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும் என்று எச்சரித்து, அதைக் குறைக்க வைத்ததும் அவர்தான். விடியற்காலையில் மரைன் டிரைவ் வழியாக, முதலில் ஐந்து நிமிடம், பிறகு ஏழு நிமிடம் என்று கணக்கு வைத்து நடந்தேன். ரயில் வரும் ஓசை கேட்டதும் என் காதுகளைத் தம் இரு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்ற என் தம்பிக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது?

அம்மா எனக்கு நாவூறு கழித்தார். கர்ப்பூரப் புகை எனக்கு ஆகாது என்பதால், உப்பையும் மிளகாயையும் சுற்றியெடுத்துக் கீழே வீதிக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு, 72 வயதில் நான்கு மாடி ஏறி வந்தார்.

ஆடிவேல் ரதம் காலி வீதியால் பம்பலப்பிட்டியை நோக்கி வந்த அன்று, நாதஸ்வரமும் தவிலும் நெருங்கும் வரை பத்து நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன். இப்போது நாளுக்கு நான்கு மணித்தியாலம் வேலை செய்கிறேன். மாலையாகும்போது சொற்கள் இன்னமும் பின்தங்குகின்றன. சுப்பர் மார்க்கெட்டின் குழல்விளக்குகளின் கீழ் அதிக நேரம் நிற்க முடிவதில்லை. இம்மடலை ஆறு நாட்களில், ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக எழுதினேன். இதனை ஒப்புநோக்குபவர், எனக்குப் பதிலாக இறங்கிய அதே தம்பி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். நான் வீதியில் கிடந்தபோது, ஒரு பெண்மணி என் முகத்தில் வெயில் படாதபடி குடை பிடித்துக்கொண்டு, அம்புலன்ஸ் வரும் வரை முழந்தாளிட்டு இருந்தார் என்று ஓட்டோச் சகோதரர் சொன்னார். என்னை ஏற்றும்போது அந்தக் குடையையும் என்னுடன் உள்ளே வைத்துவிட்டு, தாம் அந்த வெயிலில் நடந்து போய்விட்டாராம். தமிழரா சிங்களவரா முஸ்லிமா என்பது அச்சகோதரருக்கு நினைவில்லை. ஆகவே இம்மடலைச் சிங்களத்திலும் எழுதுவித்திருக்கிறேன். நீல நிறக் குடை, வெள்ளைக் கரை, கைப்பிடியில் பச்சை நூல் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிடப்பட்டிருக்கிறது. அதைக் கழுவி, உலர்த்தி, நூலை அவிழ்க்காமல் கதவருகே மாட்டி வைத்திருக்கிறேன். குடை பிடித்த அம்மா, இதை வாசித்தால் அந்த ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். நானே கொண்டு வந்து தருகிறேன்.

நன்றியுடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஒப்புநோக்குநர்