வெறும் வயிற்றோடு போகாதே

அன்பு மகனுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். கரட் பாத்தியை மழை அரித்துவிட்டது. மூன்று ஞாயிறாக நீ பேசவில்லை, வேலை இருக்கும்.

நீண்ட விடுமுறைக்குக் கூட்டாளிகளோடு அடிலெய்டிலிருந்து வைனுக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்குக்குப் போகிறாயாம். கையைக் கடிக்காத நல்ல சாப்பாட்டுக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லும்படி தங்கச்சிக்கு எழுதியிருக்கிறாய். முப்பது வருடம் மேசை துடைத்தவனிடம் நேரே கேட்டிருக்கலாம். பரவாயில்லை, கேட்டாயே.

முதலில், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

மெனு ஒரு பக்கத்தில் முடிந்தால் உள்ளே போ. ஏழெட்டுப் பக்கம் என்றால் அங்கே சமைப்பது குளிர்சாதனப் பெட்டிதான். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் பார்த்திருப்பாயே, சைனீஸும் இத்தாலியனும் பிரியாணியும் ஒரே அட்டையில். வெயிட்டர் கேளாமலே ஒரு சாப்பாட்டைப் புகழ்ந்தால் அதை விட்டுவிடு. மீன் தேங்கிய நாளில் எங்கள் சமையல்காரர் "இன்றைக்கு மீனைத் தள்ளு" என்பார். நானும் வாய் கூசாமல் தள்ளியிருக்கிறேன். இன்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று வெயிட்டரிடமே கேள். முகம் மலர்ந்தால் நல்ல கடை.

ராத்திரியை விட மத்தியானம் போ. அதே அடுப்பு, அதே கை, பெரும்பாலும் விலை மட்டும் குறைவு. திராட்சைத் தோட்டத்தைப் பார்த்த கண்ணாடியோரம் உட்கார்ந்தால் காட்சிக்கும் சேர்த்துத்தான் பில் வரும். டனுண்டா, நூரியூட்பா என்று ஊருக்குள் இறங்கித் தேடு. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எங்கே சாப்பிடுகிறார்களோ அங்கே போ; ஹட்டன் வீதியில் லொறிக்காரர்கள் நிறுத்தும் கடையில் சோறு எப்போதாவது பழுதாக இருந்ததா? தங்கச்சி போனில் வாசித்துக் காட்டினாள்: 1842 முதல் ஜெர்மனியர் குடியேறிய பகுதியாம், புகையிட்ட இறைச்சிக்குப் பேர்போனதாம். டனுண்டாவில் 1924இல் தொடங்கிய பேக்கரி இன்னும் விறகு போறணையில் சுடுகிறதாம். சனி காலை அங்காஸ்டனில் உழவர் சந்தை. அங்கே பசியாறிவிட்டு வைன் பக்கம் போ. செவ்வாய், புதன் பல இடங்கள் பூட்டு. விடுமுறை நாளில் பில்லில் நூற்றுக்கு இத்தனை என்று கூட்டுவார்கள்; மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். கணக்கில் நீ கெட்டிக்காரன், பார்த்துக்கொள்வாய்.

ருசி பார்க்கும் இடத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். எங்கள் ஹோட்டலுக்கு வந்த வைன் வியாபாரி ஒருவர் பதினாறு கிளாஸ் ருசி பார்த்தார், தொண்டைக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. அங்கே வாகனம் ஓட்டுபவருக்கு இரத்தத்தில் மதுசாரம் 0.05 சதவீதம் வரைக்கும்தானாம். உன்னுடையது புது லைசன்ஸ், உனக்குப் பூச்சியம். தண்ணீர் குடி. சாப்பிட்டுவிட்டுப் போ.

தங்கச்சி ஒரு படம் காட்டினாள். உன் கையில் கிளாஸ். பக்கத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், நீ சிரிக்கவில்லை. அதை எழுதக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் மெனுவைப் பற்றி எழுதினேன்.

நீ புலமைப்பரிசில் பாஸான வருடம், வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் சாப்பிட வைக்கிறேன் என்று நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னேன். நான்கு மணிக்கு வர வேண்டியவன் ஏழரைக்கு வந்தேன். சாராயத் தவறணையிலிருந்து வந்தேன். பஸ் காசு மட்டும்தான் மிச்சம். பேக்கரிக்காரர் உனக்குக் கொடுத்த மீன் பனிஸில் பாதியை எனக்கென்று கடதாசியில் சுற்றி வைத்திருந்தாய். எண்ணெய் ஊறிக் கடதாசி கிழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு ஓவர்டைம் என்று அம்மாவிடம் சொன்னாய். பத்து வயதில் எனக்காகப் பொய் சொன்னாய். நான் அதைத் தின்றேன், வாயைத் திறக்கவில்லை. இன்றுவரைக்கும் திறக்கவில்லை.

அங்கே வெள்ளை விரிப்புப் போட்ட மேசை இருந்தால் ஒரு மத்தியானம் அதில் உட்கார். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. என்ன சாப்பிட்டாய் என்று எனக்கு எழுது, தங்கச்சிக்கு வேண்டாம்.

ஞாயிறு கூப்பிடு. ஆறு மணிக்குப் பிறகும் நான் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.

அப்பா