எம்.எஸ். பாஸ்கர் துணை நடிகரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்ததும் தமிழுக்கு விருது மழை என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தால் பார்க்கிங் படத்துக்கு மூன்று, வாத்தி பாடல்களுக்காக ஜி.வி. பிரகாஷுக்கு ஒன்று, முழுநீளப் படங்களில் அவ்வளவுதான். இதை மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும், தூறல் என்று போட்டிருக்கலாம். கதைசாராப் படங்களுக்கான பிரிவில் லிட்டில் விங்ஸ் என்ற தமிழ்ப் படம் ஒளிப்பதிவுக்கு விருது வாங்கியிருக்கிறது, அதை உங்கள் செய்தியில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு வரி கூட இல்லை. சரி, அது போகட்டும்.

பார்க்கிங் படத்துக்குக் கிடைத்த மூன்றும் தகுதியானவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை, சிறந்த துணை நடிகர். ஒரு வாடகை வீட்டில் மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், வாசலில் ஒரே ஒரு கார் நிறுத்த இடம். இதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நம்மை நகர விடாமல் உட்கார வைத்த ராம்குமார் பாலகிருஷ்ணனுக்கு அது முதல் படம். ஆனால் அந்தத் துணை நடிகர் என்ற வார்த்தைதான் எனக்கு இடிக்கிறது. அந்தப் படத்தில் எம்.எஸ். பாஸ்கர் யாருக்குத் துணை? ஹரிஷ் கல்யாணுக்கா? படமே இரண்டு பேருடைய ஆணவச் சண்டை. ஒருத்தர் இளைஞர், இன்னொருத்தர் ஓய்வு பெறும் வயதை நெருங்கும் அரசு அலுவலர். லஞ்சம் வாங்காத மனிதர், சிக்கனக்காரர், அவருடைய நேர்மையே அவருக்குத் தலைக்கனமாக மாறி ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கீழே இறக்குவதுதான் கதை. பாஸ்கர் நடித்த அந்த இளம்பரிதி இல்லாவிட்டால் படமே இல்லை. தலை நரைத்திருக்கிறது, நாயகியோடு டூயட் இல்லை, அதனால் துணை என்று முடிவு செய்துவிட்டார்களா?

இது பாஸ்கருக்கு மட்டும் நடந்ததில்லை. அந்த விருதை அவரோடு பகிர்ந்துகொண்ட மலையாள நடிகர் விஜயராகவன், பூக்காலம் படத்தில் நூறு வயதுக் கிழவராக நடித்தவர், படம் முழுக்க அவரைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஊர்வசிக்கு உள்ளொழுக்கு படத்துக்காகச் சிறந்த துணை நடிகை. அந்தப் படத்தில் பார்வதியும் ஊர்வசியும் சமமாகச் சுமக்கிறார்கள், யாராவது ஒருவரைத் துணை என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் எனக்குத் திணறும். இதே வேடத்துக்குக் கேரள அரசு சிறந்த நடிகை விருதை, வேறொரு நடிகையோடு பகிர்ந்து, அவருக்குக் கொடுத்திருந்தது. அந்தக் கேரள விருதுக் குழுவுக்குத் தலைவர் சுதிர் மிஸ்ரா, இந்தி இயக்குநர், ஆகவே ஊர்ப்பாசம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்த அளவுகோலை வைத்து நாயகி, துணை என்று பிரிக்கிறீர்கள் என்று ஊர்வசி வெளிப்படையாகக் கேட்டார். கேட்டதற்காக அவரை இணையத்தில் சிலர் கேலி செய்ததையும் பார்த்தேன். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்கிறார்கள். ஏன் போக வேண்டும்? நியாயமான கேள்வி அது, இன்று வரை பதில் இல்லாத கேள்வி.

சிறந்த நடிகர் விருது ஷாருக் கானுக்கும் விக்ராந்த் மாஸிக்கும். மாஸிக்குக் கொடுத்தது சரி. ஷாருக் கானை எனக்குப் பிடிக்கும், 33 வருடம் நடித்தவருக்கு முதல் தேசிய விருது என்றால் சந்தோஷம்தான், ஜவான் எடுத்த அட்லீ நம்மூர்க்காரர் என்பதால் நமக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஸ்வதேஸ், சக் தே இந்தியா இரண்டுக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டு ஜவானுக்குக் கொடுப்பது பழைய பாக்கியை வட்டி இல்லாமல் தீர்ப்பது மாதிரி இருக்கிறது. இந்த முறை தேசிய விருதுக் குழுவுக்குத் தலைவரே ஸ்வதேஸை இயக்கிய அசுதோஷ் கோவாரிகர் என்பதுதான் வேடிக்கை.

அதே 2023-இல் மாமன்னன் வந்தது. படத்தின் பெயரே வடிவேலுவின் பாத்திரத்தின் பெயர். சட்டமன்ற உறுப்பினர் ஆன பிறகும் நாற்காலியில் உட்காரத் தயங்கும் ஒரு மனிதர், தன் மகனுக்கு நடந்ததற்கு நியாயம் கேட்க முடியாமல் மலை மேல் தனியாக நின்று அழும் ஒரு காட்சி, அதைப் பார்த்துவிட்டு இத்தனை வருடம் இந்த ஆளை நாம் சிரிக்க மட்டும் பயன்படுத்தினோமே என்று எத்தனை பேர் எழுதினார்கள். ராசாக் கண்ணு பாட்டையும் அவரே பாடினார். விடுதலை முதல் பாகத்தில் சூரி, அவரும் அப்படித்தான், பரோட்டாவை வைத்து ஊருக்குத் தெரிந்தவர் காவலர் குமரேசனாக வந்து நின்றபோது பழைய சூரி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இருவர் பெயரும் பட்டியலில் இல்லை. சிரிக்க வைத்த நடிகன் அழ வைத்தால் நம்புவதற்குக் குழுக்களுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும் போலிருக்கிறது. பாஸ்கர் விஷயத்திலும் அப்படித்தான், சின்னப் பாப்பா பெரிய பாப்பா தொடரில் பட்டாபியாகப் பார்த்த காலத்திலிருந்து எனக்கு அவரைத் தெரியும், 8 தோட்டாக்கள் வந்தபோதே யாராவது எழுந்து கை தட்டியிருக்க வேண்டும்.

விடுதலை பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. அந்தப் படத்தின் தொடக்கத்தில் ரயில் கவிழ்ந்து கிடக்கும் இடத்தில் வேல்ராஜின் கேமரா ஆட்களுக்கு நடுவே, பெட்டிகளுக்கு உள்ளே புகுந்து வெளியே வந்து, வெட்டே தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒளிப்பதிவு விருது எதற்குப் போனது தெரியுமா, தி கேரளா ஸ்டோரிக்கு. சிறந்த இயக்குநர் விருதும் அதற்கே. அந்தப் படத்தின் அரசியலை நான் இங்கே இழுக்கவில்லை, கேரள முதல்வரே கண்டனம் தெரிவித்துவிட்டார். கேமரா வேலை என்று மட்டும் பார்த்தாலும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினால் சினிமாக் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவன் கூடச் சொல்லிவிடுவான்.

எனக்கு மிகவும் வலித்தது சித்தா. பழனியில் நடக்கும் கதை. அண்ணன் மகளைத் தோளில் போட்டு வளர்க்கும் சித்தப்பா மேலேயே ஒரு பழி வந்து விழுகிறது. குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமையைப் பேசும் படங்கள் வழக்கமாக நேராகப் பழிவாங்கலுக்குப் போய்விடும், கடைசியில் நாயகன் நாலு பேரை வெட்டினால் நமக்கும் திருப்தி, வீட்டுக்குப் போய்விடலாம். சு. அருண்குமார் அந்தத் திருப்தியை நமக்குத் தரவில்லை. நிமிஷா சஜயன் நாயகனைப் பார்த்து, அவனைக் கொல்வதைப் பற்றியே யோசிக்கிறாயே, குழந்தையைப் பற்றி யோசித்தாயா என்ற பொருளில் பேசும் இடத்தில் தியேட்டரில் ஒரு இருமல் சத்தம் கூட இல்லை. இதற்குப் படம், இயக்கம், நடிப்பு எதிலுமே ஒன்றும் இல்லை. குழந்தை நட்சத்திர விருதை மூன்று படங்களிலிருந்து ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், அந்த ஐந்தில் கூட சித்தாவில் நடித்த சிறுமிகள் இல்லை.

அயோத்தியும் அப்படித்தான் விடுபட்டது. ராமேஸ்வரத்துக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்தில் தாய் விபத்தில் இறந்துபோக, தீபாவளி நாளில் அந்த உடலை ஊருக்கு அனுப்ப மொழி தெரியாத சிலர் ஓடும் ஓட்டம். தேசிய, சமூக, சுற்றுச்சூழல் விழுமியங்களை வளர்க்கும் படம் என்று ஒரு பிரிவே வைத்திருக்கிறார்கள், அயோத்தியைத் தவிர வேறு எதற்கு அது பொருந்தும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாம் பகதூருக்குப் போனது. ராணுவத் தளபதி மானெக்‌ஷா பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை.

உடனே டெல்லிக்குத் தமிழ் என்றால் ஆகாது என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதையும் நான் முழுதாக ஏற்க மாட்டேன். 2018-ஆம் ஆண்டுப் படங்களுக்கு பரியேறும் பெருமாள், மேற்குத் தொடர்ச்சி மலை, வட சென்னை, 96 எல்லாம் இருந்தும் தமிழுக்கு பாரம் ஒன்றுக்கு மட்டும் விருது கொடுத்தார்கள், உண்மை. 2021-க்கு ஜெய் பீம், கர்ணன், சார்பட்டா பரம்பரை மூன்றையும் விட்டார்கள், அதுவும் உண்மை. ஆனால் இடையில் 2020-க்கு சூரரைப் போற்று ஐந்து, சிவரஞ்சினியும் இன்னும் சில பெண்களும் மூன்று, மண்டேலா இரண்டு என்று அள்ளிக் கொடுத்ததும் அதே டெல்லிதான். குழு மாறுகிறது, ருசி மாறுகிறது. முதலில் மண்டலக் குழு பார்க்கிறது, அதில் தமிழும் மலையாளமும் ஒரே குழுவில் வருகின்றன, அங்கே தேறினால்தான் டெல்லியில் மையக் குழு. எந்தப் படம் முதல் படியிலேயே நின்றது, எது கடைசிச் சுற்று வரை போய்த் தோற்றது என்று நம்மைப் போன்றவர்களுக்குத் தெரிய வழியில்லை. திரைக்கு வந்த தேதியையும் பார்ப்பதில்லை, தணிக்கைச் சான்றிதழ் தேதிதான் கணக்கு. 2022 பிப்ரவரியில் திரைக்கு வந்த கடைசி விவசாயி 2021-க்கான விருதை வாங்கியது அப்படித்தான். உங்கள் வாசகர் பகுதியில் போன வாரம் ஒருவர் 2024-இல் வந்த உள்ளொழுக்குக்கு 2023 விருதா என்று குழம்பியிருந்தார், அவருக்கு இதுவே பதில்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். டெல்லியைத் திட்டுகிறோமே, நம் கையில் இருக்கும் விருது என்ன ஆனது? தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளைச் சொல்கிறேன். 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டு விருதுகளை 2017 ஜூலையில் மொத்தமாக அறிவித்தார்கள். மேடையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். 2009 என்பது பசங்க படம் வந்த வருடம், அதில் நடித்த பொடியன்கள் விழா நடந்த நேரத்தில் வேலைக்குப் போகிற வயதுக்கு வந்திருப்பார்கள். 2015-க்கான விருதுகளை 2024 மார்ச்சில் கொடுத்தார்கள். 2016-லிருந்து வந்த படங்கள் 2025-லும் வரிசையில் நின்றன. பரியேறும் பெருமாளை டெல்லி கண்டுகொள்ளவில்லை என்று ஏழு வருடமாகப் புலம்பினோம், 2025 வரை சென்னையும் அதைப் பார்க்கவே இல்லை. ஆட்சி மாறினாலும் இந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். கேரளத்தைப் பாருங்கள், 2023-க்கான விருதுகளை 2024 ஆகஸ்டிலேயே அறிவித்து முடித்தார்கள், அதாவது டெல்லிக்கு ஒரு வருடம் முன்னால். தெலங்கானா கூட பல வருட இடைவெளிக்குப் பிறகு பாடகர் கத்தர் பெயரில் விருது ஏற்படுத்தி, பழைய ஆண்டுகளையும் சேர்த்து 2025 ஜூனில் கொடுத்துவிட்டது.

பெரிய நடிகர்களுக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஜமா மாதிரி ஒரு படத்தை யோசித்துப் பாருங்கள். திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்து, பெண் வேடம் கட்டியே ஊரில் கேலிக்கு ஆளாகும் ஒருவன், பாரி இளவழகன் தானே எழுதி இயக்கி நடித்தது, இளையராஜா இசை. கடைசிக் கூத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் அது ஒரு வாரம் கூட ஓடவில்லை. அப்படிப்பட்ட படத்துக்கு மறு வருடமே ஒரு மாநில விருது கிடைத்தால், அந்த இயக்குநர் அடுத்த தயாரிப்பாளரிடம் போய்க் கதை சொல்லும்போது கையில் ஒரு காகிதமாவது இருக்கும். பத்து வருடம் கழித்துக் கொடுத்தால் அவர் எங்கே இருப்பார்?

2024 நமக்கு நல்ல வருடம். கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது, அன்னா பென் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை, ஆட்டோவில் ஒரு குடும்பம் போய்க்கொண்டே இருக்கிறது, பெர்லின் விழாவில் திரையிட்டார்கள். வாழை இருக்கிறது. ஊர்வசியை மறுபடி சொல்ல வேண்டுமென்றால் ஜெ பேபி இருக்கிறது. லப்பர் பந்துவில் கெத்துவாக வந்த அட்டகத்தி தினேஷ், இந்த வயதில் மாமியார் வேடம் எடுக்க யோசிக்காத சுவாசிகா, இருவரையும் எந்தக் குழுவாவது கண்ணெடுத்துப் பார்க்க வேண்டும். மெய்யழகனைத் திரைக்கு வந்த பிறகு பதினெட்டு நிமிடம் வெட்டினார்கள், நான் வெட்டாததைப் பார்த்த ஆள், அந்தப் பதினெட்டு நிமிடமும் வேண்டும் என்பது என் கட்சி. கார்த்திக்குக் கொடுப்பதா அரவிந்த் சுவாமிக்குக் கொடுப்பதா என்று அடுத்த குழு அடித்துக்கொள்ளட்டும், தயவுசெய்து ஒருவரைத் துணை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. விருது அறிவிப்பு வரும் நாளில் நடிகர்களின் சிரித்த முகங்களைப் பக்கம் முழுக்கப் போடுகிறீர்கள், நல்லது. அதோடு செய்தித் துறை அமைச்சரிடம் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, நிலுவையில் இருக்கும் மாநில விருதுகளுக்குக் குழு போட்டாயிற்றா, போட்டிருந்தால் எப்போது அறிவிப்பு, அறிவித்தால் எப்போது விழா என்று மூன்று கேள்வி கேட்டு, அவர் சொல்லும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சினிமா ரசிகன்,
திண்டுக்கல்.