எத்தனை சால் உழவு என்று யாரும் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வேளாண் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். அசோஸ்பைரில்லம், ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா என்று பாக்டீரியா அடங்கிய உயிர் உரங்களைப் பற்றி நிறைய வருகிறது, நல்லது. ஆனால் அந்தப் பாக்டீரியா போய்ச் சேருகிற வயலை நாம் எப்படி உழுகிறோம் என்பதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. பொட்டலம் வாங்கித் தொழுவுரத்தில் கலந்து போட்டுவிட்டு, அடுத்த பட்டத்துக்கு மூன்று சால், அதாவது மூன்று தடவை, ரோட்டவேட்டர் என்கிற சுழல் கலப்பையை விட்டால் போட்டது என்ன ஆகும்?

நல்ல மண் பொலபொலவென்று இருப்பதற்குக் காரணம் அது சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்திருப்பதுதான். பாக்டீரியா சுரக்கிற பசையும் பூஞ்சை இழைகளும்தான் அந்த உருண்டைகளை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன. உருண்டையின் வெளிப்புறத்தில் காற்று வேண்டும் பாக்டீரியா இருக்கும், உள்ளே காற்றே இல்லாமல் வாழக்கூடியது இருக்கும், இலைதழை, வேர் மக்கிச் சேர்ந்த மக்கு அந்த உருண்டைக்குள்ளேதான் பத்திரமாக இருக்கும். ரோட்டவேட்டர் கத்தி இதை மாவாக அரைத்துவிடுகிறது. பூட்டி வைத்திருந்த மக்குக்குத் திடீரென்று காற்று கிடைத்ததும், வேகமாகப் பெருகுகிற பாக்டீரியா கூட்டம் அதைத் தின்று தீர்க்கிறது, கார்பன் கரியமில வாயுவாகப் போய்விடுகிறது, கொஞ்சம் தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் பயிருக்குக் கிடைக்கிறது. பயிரும் நன்றாகப் பச்சை கட்டும். அதைப் பார்த்துவிட்டு நாம் உழவே உரம் என்று நம்பி இன்னொரு சால் ஓட்டுகிறோம். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்ற வேலை இது. மக்கு தீர்ந்ததும் பாக்டீரியாவுக்கும் தீனி இல்லை, அப்புறம் யூரியா மூட்டைதான் கதி.

சந்தேகம் இருப்பவர்கள் வரப்போரம் உழாத இடத்திலிருந்து ஒரு மண் கட்டியும், வருடக்கணக்காக ரோட்டவேட்டர் ஓடிய வயலிலிருந்து ஒரு கட்டியும் எடுத்து, நிழலில் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாகப் போட்டுப் பாருங்கள். வரப்போரக் கட்டி பெரும்பாலும் உருவம் கலையாமல் நிற்கும், மற்றது சீக்கிரம் கரைந்து கலங்கலாகிவிடும். பாக்டீரியா போட்ட பசை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கண்ணாலேயே தெரியும், ஆய்வுக்கூடம் தேவையில்லை.

எங்கள் டெல்டாவில் உழாமல் விதைப்பது புதுசு இல்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், தை மாதத்தில், மெழுகுபதமாக இருக்கிற ஈரத்தில் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். ஒரு சால் உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது, மீதி ஈரத்திலும் பனியிலும் 65, 70 நாளில் விளைந்துவிடும். மண்ணைக் கலைக்காததால் ஈரம் நிற்கும், நெல் வேர் அப்படியே மக்கும், ரைசோபியம் வேரில் முடிச்சுப் போட வசதியாக இருக்கும். ஒரு மாதப் பயிரைத் தண்ணீர் விட்டு இளக்கி, வேர் அறாமல் எடுத்து அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடிக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை. இப்போது அறுவடைக்கு மிஷின் ஈரத்தில் இறங்கி மண்ணை அமுக்கிவிட்டுப் போகிறது, அந்தத் தடத்தில் உளுந்து முளைப்பதே கஷ்டம், முளைத்தாலும் காற்றில்லாத மண்ணில் முடிச்சு சரியாக வருவதில்லை. வருடா வருடம் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓடி ஓடி அடியில் மண் இறுகித் தட்டு விழுந்திருப்பது தனிக் கதை. அதன் மேல் தண்ணீர் தேங்கினால் தழைச்சத்தான நைட்ரேட்டை வாயுவாக்கிப் பறக்கவிடும் பாக்டீரியாவுக்குத்தான் கொண்டாட்டம், நாம் போட்ட உரம் காற்றோடு போகிறது.

உழவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடவுக்குச் சேறு வேண்டும், கோரையும் அருகும் மண்டினால் உழுதுதான் ஆக வேண்டும், கோடை உழவில் புழு, கூட்டுப்புழு வெளியே வந்து அழியும். ஆனால் கொத்துக் கலப்பையில் ஒரு சால் போதும் என்கிற இடத்தில் மண் பவுடராகிற வரைக்கும் ஓட்டுவது எதற்கு? வாடகை வண்டிக்காரர் அழகாக மட்டமாகத் தெரியும்படி ஓட்டித் தருகிறார், நமக்கும் பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அரசு பக்கம் கேட்க வேண்டியது இரண்டு இருக்கிறது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 அளவுகள் உண்டு. பேரூட்டம், நுண்ணூட்டம், கார அமில நிலை, உப்பு, அங்ககக் கார்பன் எல்லாம் இருக்கிறது, மண்ணில் உயிர் எப்படி இருக்கிறது என்று நேராகச் சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை, எத்தனை சால் உழுதீர்கள் என்ற கேள்வியும் இல்லை. அப்புறம், சிறு விவசாயிக்குப் பாதி விலை மானியத்தில் ரோட்டவேட்டர் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும், அதே கையோடு எந்த மண்ணுக்கு எத்தனை சால், எந்த ஈரத்தில் இறக்கக் கூடாது என்று ஒரு பக்கம் அச்சடித்துத் தரலாமே. தட்டு விழுந்த வயலுக்கு, அதை ஆழத்தில் உடைக்கிற உளிக்கலப்பையைக் குறைந்த வாடகைக்குக் கேட்ட நேரத்தில் கிடைக்கச் செய்யலாம்.

இந்தக் கேள்விகளை உங்கள் நிருபர்கள் வேளாண் அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை மண் வகைவாரியாக வெளியிட்டால் வருகிற தைப் பட்டத்துக்கு முன் எங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.