மகன் சொக்குவுக்கு அப்பச்சி எழுதுவது

அன்புள்ள சொக்கு,

நாங்கள் சௌக்கியம். மெய்யம்மையும் பிள்ளையும் சௌக்கியமா? மழையில் நம் பூர்வீக வீட்டு வளவின் மேற்குத் தாழ்வாரம் ஒழுகியது. பங்காளிகள் யாரும் வரவில்லை, நானே ஆள் வைத்து ஓடு மாற்றினேன். அது கிடக்கட்டும்.

வாடகைக்கு விட சென்னையில் பிளாட் பார்த்திருக்கிறேன் என்றாய், அப்புறம் ஒரு மாதமாகப் பேச்சே இல்லை. முப்பத்திரண்டு வயதில் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்குகிறான் என்று முகப்பில் வந்து உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் முன்பணத்துக்கு என்ன செய்தாய் என்று நீ சொல்லவில்லை.

கணக்கை நீயே போட்டுப் பார். விலை 60 லட்சம். மறுவிற்பனை பிளாட் என்றால் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2, அதிலேயே 5,40,000 போய்விடும். 45 லட்சம் கடன் என்றால், எட்டரை வட்டிக்கு, 20 வருஷத்துக்கு மாதம் 39,000 தவணை. வாடகை 15,000 வரும் என்கிறாய். மீதி 24,000 உன் சம்பளத்தில் இருந்துதானே? ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை முழுத் தவணையும் உன் தலையில். மூலப்பத்திரமும் 30 வருஷ வில்லங்கமும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே. குடிவருகிறவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடு, 2019 முதல் சட்டம் அப்படித்தான்.

பர்மாவில் என் ஐயா வட்டிக்குக் கொடுத்த பணம், நெல் விலை விழுந்து வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போனதும் வயலாகத் திரும்பி வந்தது. 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது வயலைக் கப்பலில் ஏற்ற முடிந்ததா? இது உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் வில்லங்கம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே.

பள்ளத்தூரில் நடந்த வயது நிறைவுச் சாந்தி விசேஷத்துக்கு மெய்யம்மை ஒற்றைச் சங்கிலியோடு வந்திருந்தாள். லாக்கர் சாவியை மறந்துவிட்டேன் என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு இரண்டு நாள் தூக்கமில்லை.

1997ல் திருச்சியில் நான் வாங்கிய வீடு ஞாபகம் இருக்கிறதா? அக்காள் கல்யாணத்துக்காக விற்றேன் என்றுதான் உனக்குத் தெரியும். அது பொய். உன் ஆத்தாவின் வைரத்தோட்டை அவளிடம் கேட்காமல் அடகு வைத்துத்தான் அந்த வீட்டை வாங்கினேன். எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அப்புறம் வந்தவர் வாடகை பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு போய்விட்டார். வட்டி கட்ட முடியாமல் தோடு அடகிலேயே மூழ்கியது, வீட்டையும் வந்த விலைக்குத் தள்ளினேன். ஆத்தா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாணம் காட்சி என்றால் சின்னக் கல் தோட்டைப் போட்டுக்கொண்டு, கனத்த தோடு காதை இழுக்கிறது என்று மற்றவர்களிடம் சொல்வாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

வங்கியில் என் பேரில் 4 லட்சம் இருக்கிறது. எதையாவது மீட்க வேண்டியிருந்தால் முதலில் அதை மீட்டுவிடு. வீடு அடுத்த வருஷம் பார்க்கலாம். மெய்யம்மை இந்தக் கடிதத்தைப் படித்தால் படிக்கட்டும், மறைக்காதே.

அப்பச்சி