கரும்பு வயல் குட்டிகளைத் தூக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

கரும்பு வயலில் மீட்கப்பட்ட 'சிறுத்தைக் குட்டிகள்' கடைசியில் துரும்பன் பூனை என்ற சின்னஞ்சிறு காட்டுயிர்ப் பூனையின் குட்டிகள் என்று தெரியவந்ததாக உங்கள் நாளிதழில் படித்தேன். பெரும்பாலும் இது மீட்பே அல்ல. தாய் எங்கோ பக்கத்தில்தான் இருக்கும், ஆள் அரவம் அடங்கியதும் வந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும், அதற்குள் நாம் தூக்கிவிட்டால் அவை கூண்டில்தான் வளர வேண்டும். இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே வாழும் இந்தப் பூனை, வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது.

எங்கள் வயலிலும் வெட்டின்போது காய்ந்த கரும்பு இலைச் சோகைக்குள் இரண்டு குட்டிகள் கிடந்தன, கண்கூடத் திறக்கவில்லை, முதுகில் வரிசையாகக் கரும்புள்ளிகள். அந்த மூலையை மட்டும் வெட்டாமல் விட்டு வந்தோம். மறுநாள் காலையில் தாய் கொண்டுபோயிருந்தது. வெட்டு தொடங்கும் முன்பே வனத்துறையும் சர்க்கரை ஆலைகளும் சேர்ந்து வெட்டு ஆட்களிடம் இதைச் சொல்லிவிடலாமே: குட்டியைக் கண்டால் தொடாதீர்கள், வேறு பக்கம் வெட்டுங்கள், ஒரு ராத்திரி பொறுங்கள், அப்புறமும் அங்கேயே கிடந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

- ஒரு கரும்பு விவசாயி