வருமானம் நின்றது இந்த ஆண்டு, சான்று சொல்வது போன ஆண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகளை ஒட்டித் தங்கள் நாளிதழில் வெளிவரும் உயர்கல்விப் பக்கங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். யாருக்கு எந்த உதவித்தொகை, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் தெளிவாக இருக்கின்றன. ஆனால் கல்லூரியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் படித்த பிறகு வீட்டின் வருமானம் நின்றுபோனால் அந்த மாணவர் யாரிடம் போய் நிற்பது என்பது பற்றி ஒரு வரியும் காணவில்லை. மதுரையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை உதவித்தொகைப் பிரிவில் கழித்தவன் என்ற முறையிலும், இந்த ஆண்டு என் தங்கையின் குடும்பத்துக்கே இது நேர்ந்துவிட்டது என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தங்கையின் கணவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராக இருந்தார். மாதச் சம்பளம் 28,000 ரூபாய். சென்ற அக்டோபரில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. டிசம்பர் வரை சம்பளம் கொடுத்தார்கள், அதன்பின் இல்லை. மகள் கலந்தாய்வு மூலம் சேர்ந்து பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பொங்கல் கழிந்த வாரத்தில் தங்கை ஒரு மஞ்சள் பையோடு செல்லூரில் உள்ள என் வீட்டுக்கு வந்து, அதிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக மேசைமீது எடுத்து வைத்தாள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய மருந்துக்கடைப் பில்கள், 1,140 ரூபாய் இருப்புக் காட்டிய பாஸ்புக், எல்லாவற்றுக்கும் அடியில் நான்காம் பருவத்துக்கு 46,000 ரூபாய் கட்டச் சொல்லும் கல்லூரிச் சீட்டு. "அண்ணே, நீங்க காலேஜ்ல இதைத்தானே பார்த்தீங்க, ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கும் என்றுதான் நானும் நம்பினேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் போய்த்தான் தாசில்தார் கையெழுத்துக்கு வரும். கிராம நிர்வாக அலுவலரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வீட்டுக்கே வந்து படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துவிட்டுப் போனவர். "நிலைமை எனக்குத் தெரியுது சார். ஆனா போன நிதியாண்டுச் சம்பளம் கையில இருக்கும்போது நான் வேற தொகை எப்படிப் போடறது?" என்றார். அந்தச் சம்பளத்தின்படியே 3,36,000 ரூபாய் என்று சான்று வந்தது. தங்கை ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கும் மூவாயிரம், நாலாயிரம் ரூபாயைத் தவிர வேறு வரவில்லாத வீட்டுக்கு அரசு கொடுத்திருக்கும் சான்று இது.

மற்ற கதவுகளையும் தட்டிப் பார்த்தோம். அரசுப் பள்ளிகளிலும், உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலும் படித்த மாணவியருக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் இவள் தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. அதே காரணத்தால் அதுவும் இவளுக்கு இல்லை. முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது; ஆனால் தந்தை பி.எஸ்சி. படித்தவர். தொழில்நுட்பக் கல்வி மன்றத்தின் கல்விக் கட்டண விலக்கு இடங்களுக்கு வருமான வரம்பு 8 லட்சம். ஆனால் அவை சேர்க்கையின்போதே நிரப்பப்படுபவை. இந்தத் திட்டங்கள் ஒவ்வொன்றும் தேவையானது, அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் நேற்றுவரை தன் காலில் நின்று, பிள்ளையைச் சம்பளம் கட்டிப் படிக்கவைத்த குடும்பத்தின் கையில் இன்று சரிந்து விழும்போது இவற்றில் எதற்குமான தகுதிச் சான்று இருப்பதில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு, உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்களுக்காவது, சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 75,000 ரூபாய் வழங்கும் திட்டம் இருக்கிறது. கல்லூரி மாணவருக்கு அது பொருந்தாது.

அமெரிக்காவில் கல்லூரி நிதியுதவிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். அந்த வகையில் நம் முறையைவிட அது இன்னும் பழைய கணக்கு. ஆனால் இடையில் பெற்றோருக்கு வேலை போனாலோ, பெரிய மருத்துவச் செலவு வந்தாலோ, மரணம் நேர்ந்தாலோ, ஆதாரங்களைப் பார்த்து அந்த மாணவரின் தகுதியை மறுபடி கணக்கிடும் அதிகாரத்தை அந்நாட்டு உயர்கல்விச் சட்டம் கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்குத் தந்திருக்கிறது. அங்குள்ள கட்டணத்தையும் மாணவர்களின் கடன் சுமையையும் நான் மெச்சவில்லை. கேட்க ஓர் ஆளும், மாற்றி எழுத ஒரு விதியும் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற எத்தனையோ மாணவர்களுக்கு நான் பரிதாபப்பட முடிந்ததே தவிர, மாற்றி எழுத எனக்கு எந்த விதியும் இருந்ததில்லை.

அவர்களில் ஒருவனை மறக்க முடியவில்லை. பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவன். தந்தை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். அவர் இறந்தபின் பையன் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். மூன்று மாதம் கழித்து டி.சி. வாங்க வந்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். முன்பே சொல்லியிருந்தால் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து அந்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டியிருப்போமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வெளியில தெரிஞ்சா அக்கா கல்யாணம் தள்ளிப்போயிரும்னு அம்மா சொல்லிட்டாங்க சார்" என்றான். கடன் என்பதும் கஷ்டம் என்பதும் வீட்டுப் படியைத் தாண்டக்கூடாது என்று நம் பக்கத்தில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் நினைக்கின்றன. கல்லூரியில் வாய் திறக்கக் கூசுகிறவர்கள் கடைசியில் வட்டிக்காரரிடம்தான் போகிறார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் வந்த பிறகும், பருவக் கட்டணம் கட்டும் மாதத்தில் பத்து வட்டிக்கு வாங்கும் பெற்றோரை நான் அறிவேன்.

ஆகையால் இந்நிலையில் இருக்கும் பெற்றோருக்கு என் பணி அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கட்டணத்தின் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். வருமானம் நின்ற மாதத்திலேயே கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். வருமானம் எந்தத் தேதியில், எதனால் நின்றது, இப்போது எவ்வளவு கட்ட முடியும், மீதியை எப்போது தர முடியும் என்பதைத் தொகையோடு எழுதி, மருத்துவச் சான்றையோ வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தையோ இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். "கஷ்டமாக இருக்கிறது, உதவுங்கள்" என்று மட்டும் எழுதிய மனு அடுக்கில் அப்படியே கிடக்கும். தொகையும் தேதியும் எழுதிய மனுவுக்கு ஏதாவது ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும். கல்விக் கடனைப் படிப்பின் நடுவிலும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 4 லட்சம் ரூபாய் வரை பிணையும் முன்பணமும் கேட்காத கடன் அது. வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். வீட்டில் யாராவது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்றவற்றில் பதிவு செய்திருந்தால், பிள்ளைகளின் கல்விக்கு அங்கேயும் உதவி உண்டு.

எங்கள் வீட்டில் நான்காம் பருவக் கட்டணத்தைத் தங்கையின் கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துக் கட்டினோம். பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கல்விக் கடனுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம், கிடைத்துவிடும் போலிருக்கிறது. ஆனால் கடன் என்பது உதவித்தொகை ஆகாது. மாத்திரைக்கும் பிசியோதெரபிக்குமே மாத வரவு போதாத வீட்டில், இருபது வயதுப் பெண் வேலைக்குப் போகும் முன்பே கடனாளி ஆகிறாள்.

வருவாய்த் துறையையும் மாவட்ட நிர்வாகத்தையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்வது இதுதான். வருமானச் சான்றில் கடந்த நிதியாண்டுத் தொகைக்குக் கீழே, "இன்ன தேதியிலிருந்து இன்ன காரணத்தால் இந்த வருமானம் இல்லை" என்று ஆதாரம் பார்த்து எழுத ஓர் இடம் கொடுங்கள். உதவித்தொகை வழங்கும் துறைகள் அந்தக் குறிப்பை ஏற்றுக்கொண்டு, ஆண்டின் நடுவிலும் விண்ணப்பத்தைப் பெறட்டும். அரசு மருத்துவர் தரும் இயலாமைச் சான்றும், நிறுவனம் தரும் கடிதமும், வங்கிக் கணக்கில் சம்பளம் நின்ற மாதமும் பொய்யான கோரிக்கைகளை வடிகட்டப் போதும். கல்லூரிகள் தம் பங்குக்கு, இப்படிப்பட்ட மனு நிலுவையில் இருக்கும்வரை அந்த மாணவரின் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்காமல் இருக்கலாம்.

ஐந்தாம் பருவக் கட்டணம் நெருங்குகிறது. ஏப்ரல் பிறந்துவிட்டதால், கடந்த நிதியாண்டுக்கான புதிய வருமானச் சான்றுக்கு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறோம். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதச் சம்பளம் 2,52,000 ரூபாய். தையல் வரவைச் சேர்க்காமலேயே வரம்பைவிட இரண்டாயிரம் ரூபாய் அதிகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
செல்லூர், மதுரை.