இடுப்புவலி மாத்திரையும் வயித்துப்புண்ணும்

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம். எங்க முக்கூடல் பக்கம் பீடி சுத்துத பொம்பளைய இடுப்புவலின்னா மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கி வெறும் வயித்துல முழுங்கிருதாவ, எங்க அத்தையும் அப்படித்தான், கடைசில கருப்பா வெளிக்குப் போயி ஆஸ்பத்திரில கெடந்தாவ. அந்த மாத்திரை ஒடம்புல ஊறுத புரோஸ்டாகிளாண்டின்ங்குத பொருளைக் கொறைச்சிருது, அந்தப் பொருளுதான் இரைப்பைக்குள்ள சளிப்படலத்தை ஊற வைக்கும், அது மெலிஞ்சா நம்ம அமிலமே நம்மளை அரிச்சுப் புண்ணாக்கிரும். அதுக்குக் குடுக்குத ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரை எல்லாம் அமிலம் சுரக்குத பம்பையே அடைச்சிருது, அதனால புண்ணு ஆறும். ஆனா சாப்பாட்டுக்கு 30 நிமிசம் முன்னாடி போடணும், அத்தை இந்த மாத்திரையைச் சோறு தின்னுட்டுல்லா போட்டாவ! டாக்டர் சீட்டுல அதைத் தமிழ்ல எழுதிக் குடுத்தா என்னவாம்?

இப்படிக்கு,
முக்கூடல் வாசகர்